தில்லியில் ஒரு செமஸ்டர்

ஜனவரியில் வந்து இறங்குகிற மாணவர் பார்க்கும் தில்லி வேறு. ஜூலையில் வருகிறவர் பார்க்கும் தில்லி வேறு. பெட்டியில் என்ன எடுத்துவைப்பது, எந்தப் பேட்டையில் அறை பிடிப்பது, அலுவலகத்தில் என்ன வேலை கிடைக்கும் என்பதெல்லாம் இதைப் பொறுத்துத்தான் அமையும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து இறுதியாண்டு இன்டர்ன்ஷிப்புக்காகத் தில்லி வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜனவரி முதல் மே வரையிலான செமஸ்டரில்தான் வருகிறார்கள். ஆகவே இந்த அத்தியாயம் அந்த ஐந்து மாதங்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

ஜனவரியில் இரவு வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே போகும். மார்கழிப் பனிக்கே மப்ளர் தேடுகிற நமக்கு இது புதிது. வெளியில் அடிக்கிற குளிரைவிட அறைக்குள் இருக்கும் குளிர்தான் அதிகம் படுத்தும். வாடகை வீடுகளில் சுவரையும் தரையையும் சூடாக்க ஏற்பாடு எதுவும் கிடையாது. மொசைக் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. ஊரிலிருந்து கனமான போர்வை சுமந்து வர வேண்டாம். பஞ்சு அடைத்த ரஜாய் எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும், நம்மூர்க் கம்பளியைவிட நன்றாகத் தாங்கும். ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் சரோஜினி நகர் சந்தையில் மலிவு. திங்கட்கிழமை மட்டும் அங்கே விடுமுறை. ஊரிலிருந்து வாங்கிவர வேண்டியவை உள்ளே அணியும் தெர்மல் இரண்டு ஜோடி, காலுறைகள், நல்ல ஷூ ஒன்று. மார்ச் நடுவில் ஸ்வெட்டரைக் கழற்றுவீர்கள். மே மாதம் 45 டிகிரி வெயில் அடிக்கும், 'லூ' என்று சொல்லப்படும் அனல்காற்று வீசும். ஒரே பெட்டியில் இரண்டு பருவத்துக்கும் துணி வேண்டும்.

காகிதங்களை ஊரிலேயே முடித்துவிடுங்கள். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட என்.ஓ.சி., போனஃபைட் சான்றிதழ், ஆதார் நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள். இவற்றோடு ஒன்று: இன்டர்ன்ஷிப்புக்கு எத்தனை கிரெடிட், எத்தனை மணி நேரம், யார் மதிப்பிடுவார், என்ன வடிவத்தில் அறிக்கை தர வேண்டும் என்று உங்கள் துறையிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதை வாய்ப்பேச்சாக விட்டுவிட்டு மே மாதத்தில் தில்லிக்கும் கல்லூரிக்கும் இடையே மின்னஞ்சல் அனுப்பி அல்லாடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் கேட்கின்றன. ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்றும் அவையே சொல்கின்றன. முழு செமஸ்டரையும் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கழிக்கத் திட்டமிடுவதற்கு முன் கல்லூரியில் இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் நாள்

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி மூன்றாம் நாள் காலை புது தில்லி சேரும். தூரம் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். ஜனவரியில் மூடுபனியால் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம்; ஆகவே வேலையில் சேரும் நாளுக்கு நான்கைந்து நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். அந்த நாட்கள் அறை பார்க்கவும் உதவும்.

புது தில்லி நிலையத்துக்கு இரண்டு வாசல். ஒன்று பஹார்கஞ்ச் பக்கம், மற்றொன்று அஜ்மேரி கேட் பக்கம். மெட்ரோ நிலையம் அஜ்மேரி கேட் பக்கம் இருக்கிறது. மஞ்சள் வழித்தடமும் விமான நிலைய வழித்தடமும் அங்கேதான். பெட்டியோடு அந்தப் பக்கமே வெளியே வாருங்கள். நிலையத்துக்கு வெளியே ஒருவர் வந்து "உங்கள் ஹோட்டல் மூடியாகிவிட்டது", "அந்தப் பக்கம் சாலை அடைப்பு", "டிக்கெட்டில் முத்திரை வேண்டும்" என்று சொன்னால் பதில் பேசாமல் நடையைக் கட்டுங்கள். இவர்கள் பல வருடமாக அங்கேயே நின்று புதியவர்களைத் தங்கள் ஏஜென்சிக்கு அழைத்துப்போகிறவர்கள். இரவில் வந்து சேர்ந்தால் ப்ரீபெய்டு ஆட்டோ கவுன்டரில் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

அறை

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். செமஸ்டர் நன்றாகப் போகுமா என்பது பெரும்பாலும் அறை எங்கே என்பதில்தான் இருக்கிறது. வாடகையில் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்க அலுவலகத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் அறை எடுப்பவர் தினமும் மூன்று மணி நேரத்தைக் கூட்டத்தில் நின்றே இழக்கிறார். மாலை நிகழ்ச்சி எதற்கும் போக முடியாது, வேலை நீண்டால் பதறுவார், இரண்டாவது மாதத்தில் உடம்பு படுக்கும். வாடகையை ரூபாயில் மட்டும் கணக்குப் போடாதீர்கள், மணி நேரத்திலும் போடுங்கள்.

மெட்ரோ வரைபடத்தை முன்னால் விரித்துவைத்து, மாறாமல் அல்லது ஒரே ஒரு மாற்றத்தில் அலுவலகம் போகக்கூடிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அமைச்சகங்களில் பலவும் நாடாளுமன்றமும் சென்ட்ரல் செக்ரட்டேரியட் நிலையத்தை ஒட்டியவை. அங்கே மஞ்சள் வழித்தடமும் ஊதா வழித்தடமும் சந்திக்கின்றன. லாஜ்பத் நகர், ஜங்புராவிலிருந்து ஊதாவில் நேராக வரலாம். மாளவியா நகர், ஹவுஸ் காஸிலிருந்து மஞ்சளில் நேராக வரலாம். பட்ஜெட் இறுக்கம் என்றால் முனிர்கா, பேர் சராய், கட்வாரியா சராய் ஆகிய பழைய கிராமங்கள் இருக்கின்றன. ஜே.என்.யு., ஐ.ஐ.டி. மாணவர்களால் நிறைந்த இடங்கள் இவை. சாப்பாடும் மலிவு, ஆனால் சந்துகள் குறுகல், வெயில் விழாத அறைகள் அதிகம். உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது மயூர் விஹார் ஒன்றாம் ஃபேஸ். நீல வழித்தடத்தில் நேராக உச்ச நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். தமிழ், மலையாளக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் பகுதி. இட்லி மாவு தேடி அலைய வேண்டியதில்லை.

இந்த மெட்ரோ 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. கார்டு இருந்தால் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி. 2025 ஆகஸ்டில் கட்டணம் உயர்ந்த பிறகு 5 முதல் 12 கிலோமீட்டர் தூரத்துக்கு 32 ரூபாய். மாதம் 22 வேலைநாள் போய்வந்தால் ரூ.1,400 ஆகும், கார்டுத் தள்ளுபடி போக ரூ.1,270 அளவில் நிற்கும். வண்டி செல்லும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. மாலை ஆறு மணிக்கு ராஜீவ் சௌக்கில் வழித்தடம் மாறுவது என்றால் என்னவென்று போய்ப் பார்த்தால்தான் புரியும். அந்த ஒரு நிலையத்தைத் தவிர்க்கிற மாதிரி அறை பிடித்தாலே பாதி அலுப்பு குறையும்.

புரோக்கர் மூலம் போனால் பாதி மாத வாடகை அல்லது ஒரு மாத வாடகை தரகாகக் கேட்பார்கள். ஐந்து மாதத்துக்கு அது வீண். மாணவர்களுக்குப் பி.ஜி. எனப்படும் சாப்பாட்டுடன் கூடிய தங்குமிடமே பொருத்தம். பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில. முன்பணம் எத்தனை மாதம், கிளம்பும்போது எதையெல்லாம் கழிப்பார்கள், குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு, இரவு கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும், ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு உண்டா. கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம்; பல இடங்களில் ஞாயிறு இரவு அடுப்பு எரியாது. வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் பதிவுசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் அதைச் செய்ய மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.

மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடித்தளத்தில், அதாவது தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அறையில் தங்காதீர்கள், அங்கே இயங்கும் படிப்பகத்திலும் உட்காராதீர்கள். 2024 ஜூலை 27 அன்று ஓல்ட் ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். வெளியூரிலிருந்து கனவோடு வந்த பிள்ளைகள். மழை இல்லாத மாதங்களில்தானே இருக்கப்போகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். தீ பிடித்தாலும் அங்கிருந்து ஏறி வர ஒரே படிக்கட்டுதான் இருக்கும்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் பொருத்தியிருந்தால் அந்த அறையை எடுக்காதீர்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்கும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. மயக்கம் வரும்வரை தெரியாமலே போகலாம். வட இந்தியக் குளிர்காலத்தில் இப்படி உயிர்ச்சேதம் நேர்ந்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. மின்சார கீசர் போதும். அதேபோல் மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர் காய்வதும் கூடாது.

மூன்றாவது, மாடியிலிருந்து கீழே இறங்க இரண்டாவது வழி. ஜன்னலுக்குக் கம்பி போட்டு, மொட்டைமாடிக் கதவைப் பூட்டுப்போட்டு வைத்திருக்கும் கட்டடத்தில் தங்க வேண்டாம். 2023 ஜூனில் முகர்ஜி நகரில் ஒரு பயிற்சி மையம் தீப்பிடித்தபோது மாணவர்கள் ஜன்னல் வழியாகக் கயிற்றையும் கேபிளையும் பிடித்துக்கொண்டு இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அலுவலகம்

தில்லிக்கு எதற்காக வருகிறோம்? கொள்கை எங்கே எழுதப்படுகிறதோ, வழக்கு எங்கே கடைசியாக முடிகிறதோ, செய்தி எங்கே முதலில் வெடிக்கிறதோ, அந்த இடத்தைக் கிட்டத்தில் பார்க்க. அதற்கு உதவாமல் காலையில் கைரேகை வைத்து மாலையில் கைரேகை வைத்துத் திரும்பினால் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும்.

அமைச்சகத்தில் சேர்கிறவர்கள் முதலில் எந்தக் கட்டடம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் கர்தவ்ய பவன்–3 திறக்கப்பட்டது முதல் பல அமைச்சகங்கள் பழைய பவன்களிலிருந்து இடம் மாறிவருகின்றன. சேர்க்கைக் கடிதத்தில் உள்ள முகவரியை ஒருமுறை தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து குடியரசு தின ஒத்திகைகள் நடக்கும். அந்தப் பகுதிச் சாலைகள் அடைபடும், சில மெட்ரோ நிலைய வாசல்களும் மூடப்படும். அந்த வாரம் முழுவதும் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

ஜனவரி செமஸ்டரில் வருகிறவர்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு காத்திருக்கிறது: பட்ஜெட் கூட்டத்தொடர். ஜனவரிக் கடைசியில் தொடங்கி, நடுவில் ஓர் இடைவெளி விட்டு, ஏப்ரல் வரை நீளும். இந்த நாட்களில் ஒரு பிரிவு அலுவலகம் இயங்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

உறுப்பினர் ஒருவர் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்து ஒரு கேள்வி அனுப்புகிறார். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்விகளையும் சந்திக்க வேண்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு 20, மாநிலங்களவையில் 15. குறியில்லாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில்; மக்களவையில் ஒரு நாளுக்கு 230, மாநிலங்களவையில் 160. கேள்வி அமைச்சகத்துக்கு வந்ததும் பிரிவு அதிகாரியின் மேஜையில் கோப்பு திறக்கிறது. கேள்வியில் ஐந்து உட்பிரிவுகள் இருந்தால் ஐந்துக்கும் பதில் வேண்டும். மாநிலங்களிலிருந்து புள்ளிவிவரம் வர வேண்டும். மூன்று மாநிலம் அனுப்பியிருக்காது. பழைய பதிலில் சொன்ன எண்ணும் இப்போது வந்த எண்ணும் முரண்படும். சார்புச் செயலர் திருத்துவார், இயக்குநர் திருத்துவார், இணைச் செயலர் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போடுவார். அந்த ஒரு சொல் ஏன் மாறியது என்று பாருங்கள். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று அவையில் சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகிவிடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்கத் தனியே ஒரு குழு இருக்கிறது. ஆகவே அந்த வாக்கியத்தை எழுதாமல் தப்பிப்பதற்காக இரவு எட்டு மணிக்கும் அலுவலகத்தில் விளக்கெரியும். துணைக்கேள்வி எதுவெல்லாம் வரக்கூடும் என்று ஊகித்துத் தயாரிக்கிற குறிப்புக்கட்டு அமைச்சர் கைக்குப் போகும். அந்தக் கட்டில் ஒரு பக்கத்தையாவது நீங்கள் தொகுத்திருந்தால், ஓராண்டு அரசியல் விஞ்ஞான வகுப்பில் கிடைக்காதது அங்கே கிடைத்துவிடும்.

இதற்கு முன்தயாரிப்பு வேண்டும். நாடாளுமன்றக் கேள்விகளும் பதில்களும் சன்சத் இணையதளத்தில் எல்லோரும் படிக்கத்தக்க வகையில் இருக்கின்றன. நீங்கள் சேரப்போகும் அமைச்சகம் கடந்த இரண்டு கூட்டத்தொடர்களில் அளித்த பதில்களை ஊரிலேயே படித்துவிட்டு வாருங்கள். எந்தத் திட்டத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள், எந்த எண் மாறிக்கொண்டே இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால், முதல் வாரத்திலேயே உங்களிடம் வேலை கொடுக்கலாம் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு வரும். வேலை கொடுக்காமல் இன்டர்னை ஓரமாக உட்காரவைக்கும் அலுவலகங்கள் உண்டு. பெரும்பாலும் அது அலட்சியத்தால் நேர்வதில்லை. சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. இரண்டு நாள் பொறுங்கள். மூன்றாம் நாள் நீங்களே போய், "சார், இந்த மூன்று ஆண்டுப் பதில்களையும் ஓர் அட்டவணையாக்கித் தரட்டுமா?" என்று கேளுங்கள். திட்டமாக ஒரு வேலையைச் சொல்லிக் கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு.

உச்ச நீதிமன்றத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாளும் புதிய மனுக்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். மூத்த வழக்கறிஞர் ஒருவர் அந்தச் சில நிமிடத்தில் எந்த வாக்கியத்தில் தொடங்குகிறார் என்பதே பாடம். நீண்ட வாதம் கேட்க மற்ற நாட்களில் போங்கள். அரசமைப்பு அமர்வின் விசாரணைகள் 2022 செப்டம்பர் முதல் நேரலையாகவும் வருகின்றன. ஆனாலும் நீதிமன்ற அறைக்குள் நிற்பதற்கு அது ஈடாகாது. நுழைவுச்சீட்டு, அன்றைய வழக்குப் பட்டியல் இரண்டையும் முந்தின இரவே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு நிறுவனங்களில் நிலைமை வேறு. 1963இல் தொடங்கி இப்போது ராஜ்பூர் சாலையில் இயங்கும் சி.எஸ்.டி.எஸ்., 1980இல் அனில் அகர்வால் தொடங்கிய அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் போன்ற இடங்களில் படிப்பதும் எழுதுவதும்தான் வேலை. நன்றாக எழுதத் தெரிந்தால் இரண்டு மாதத்தில் உங்கள் கை தெரிந்துவிடும்.

எங்கே சேர்ந்தாலும் தினமும் இரவில் பத்து வரி நாட்குறிப்பு எழுதுங்கள். அறிக்கை எழுதும் நேரத்தில் அதுதான் துணை. ஆனால் கோப்பில் பார்த்ததை வெளியே பேசாதீர்கள், படம் எடுக்காதீர்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

இந்தி

அலுவலகக் காகிதத்துக்கு ஆங்கிலம் போதும். டீ இடைவேளைக்கு, ஆட்டோவுக்கு, பி.ஜி. சமையல்காரருக்கு, காய்ச்சல் வந்தால் மருந்துக்கடைக்கு இந்தி வேண்டும். மொழி அரசியலில் உங்கள் நிலைப்பாடு எதுவாக இருந்தாலும், தங்கியிருக்கும் ஊரின் மக்கள் பேசுவதை நூறு சொல்லாவது பேசிப் பழகுவது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை. எண்கள், வலம் இடம், எவ்வளவு, வேண்டாம், கொஞ்சம் மெதுவாக. யாரையும் 'ஆப்' என்றே அழையுங்கள், 'தும்' வேண்டாம். ஆட்டோக்காரரை, கடைக்காரரை 'பையா' என்றால் போதும். வீட்டுக்கார அம்மாவை 'ஆன்ட்டி' என்பார்கள். வயதில் மூத்த அலுவலக ஊழியர் பெயரோடு ஒரு 'ஜி' சேர்த்துக்கொள்ளுங்கள். தென்னாட்டவர் எல்லோரையும் 'மதராசி' என்று சொல்லும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. கோபப்படாமல், "நான் தமிழ்நாடு, ஊர் விருதுநகர்" என்று ஊர்ப்பெயரோடு சொல்லுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் உங்கள் ஊரைப் பற்றியதாக இருக்கும்.

சாப்பாடு, உடம்பு

பி.ஜி. இரவுச் சாப்பாடு ரொட்டி, பருப்பு, ஒரு காய். சோறு குறைவாகத்தான் இருக்கும். ராஜ்மாவும் சோறும், கடியும் சோறும் நம் நாக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும், அவற்றிலிருந்து தொடங்குங்கள். தயிருக்கும் பாலுக்கும் மதர் டெய்ரி பூத் எல்லாப் பேட்டையிலும் உண்டு. மதியம் வயிறாரச் சாப்பிட அசோகா சாலையில் ஆந்திர பவன் உணவகம். சோறும் பருப்புப் பொடியும் கேட்கக் கேட்க வைப்பார்கள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, நம்மூர் மீன், மசாலா எல்லாம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும்.

காற்று மோசமாவது அக்டோபர் கடைசியிலிருந்து. நவம்பரில் உச்சம், ஜனவரியிலும் விடாது. காற்றுத்தரக் குறியீடு 400ஐத் தாண்டினால் 'கடுமை' என்ற வகை. அன்று என்–95 முகக்கவசம் இல்லாமல் வெளியே போகாதீர்கள், காலை ஓட்டத்தை நிறுத்துங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து இன்ஹேலரும் மருந்துச்சீட்டும் வாங்கிவர வேண்டும். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181. இரண்டு எண்களையும் இப்போதே கைபேசியில் சேமித்துவையுங்கள்.

உடம்பைப் போல மனதும் படுத்தும். பிப்ரவரித் தொடக்கத்தில், புதுமை தீர்ந்து குளிர் தீராத நாட்களில், ஊருக்கே போய்விடலாம் என்று தோன்றும். அப்போது ராமகிருஷ்ணபுரம் போய் வாருங்கள். 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம் அங்கே ஐந்தாம் செக்டாரில் இருக்கிறது, நூலகமும் உண்டு. சற்றுத் தள்ளி ஏழாம் செக்டாரில் குன்றின்மேல் மலை மந்திர் என்று எல்லோரும் அழைக்கும் சுவாமிநாத சுவாமி கோயில். கும்பிடுகிறவர்களுக்கு மட்டுமான இடம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் படிகளில் உட்கார்ந்திருந்தால் யாராவது ஒரு மாமா, "எந்த ஊரு தம்பி?" என்று கேட்பார். இரண்டு தலைமுறையாக அரசு வேலையில் இங்கே வாழ்கிற குடும்பங்களின் பழக்கம் அப்படித்தான் கிடைக்கும்.

மாலை ஆறு மணிக்குப் பிறகு

தலைநகரில் இருப்பதன் பெரும்பயன் மாலையில்தான் கிடைக்கிறது. லோதி பகுதியில் இந்தியா இன்டர்நேஷனல் சென்டர், இந்தியா ஹாபிடாட் சென்டர் இரண்டிலும் உரைகள், நூல் வெளியீடுகள், திரையிடல்கள் நடந்தபடியே இருக்கும். பலவற்றுக்கு அனுமதி இலவசம். செய்தித்தாளில் பெயர் பார்த்த பொருளாதார அறிஞர், ஓய்வுபெற்ற தூதர், நீதிபதி பேசுவதை மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். மண்டி ஹவுஸ் பக்கம் ரவீந்திர பவனில் உள்ள சாகித்திய அகாதெமி நூலகத்தில் தமிழ் உட்பட இந்திய மொழி நூல்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் தேசிய நாடகப் பள்ளியின் பாரத் ரங் மகோத்சவ் நடக்கும். ஞாயிறு காலை தர்யாகஞ்ச் நடைபாதையில் இருந்த பழைய புத்தகச் சந்தை 2019இல் ஆசஃப் அலி சாலையில் மகிளா ஹாட்டுக்கு மாறிவிட்டது. தில்லி கேட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

ஜந்தர் மந்தருக்கு ஒருமுறையாவது போங்கள். 2017இல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழ்நாட்டு விவசாயிகள் மண்டையோடுகளோடு போராடியது இந்தச் சாலையில்தான். நாட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து வந்தவர்கள் அங்கே எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். அமைச்சகத்தில் நீங்கள் பார்த்த கோப்பின் மறுபக்கம் அது.

பணம்

தில்லி இன்டர்ன்ஷிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஊதியம் இல்லை. நிதி ஆயோக்கின் திட்டம் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை. உதவித்தொகை கிடையாது, மடிக்கணினியும் நீங்களே கொண்டுவர வேண்டும். வெளியுறவு அமைச்சகம் மாதம் 10,000 ரூபாயும் வந்துபோக விமானக் கட்டணமும் தருகிறது. இப்படித் தருகிற இடங்கள் குறைவு. பகிர்வு அறை, சாப்பாடு, பயணம், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 15,000 ரூபாய்க்குக் குறைவாகச் சமாளிப்பது கடினம். ஐந்து மாதத்துக்கு முக்கால் லட்சம்.

இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளையே தலைநகருக்கு அழைத்துவருகிறது. கொள்கை எழுதும் இடத்தில், அந்தக் கொள்கையால் அதிகம் பாதிக்கப்படும் குடும்பத்துப் பிள்ளை உட்கார முடியாமல் போகிறது. கல்லூரி நிர்வாகங்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் இந்த நூலின் வேண்டுகோள்: ஆண்டுக்கு இரண்டு மாணவருக்கு அறை வாடகையும் ரயில் கட்டணமும் தர ஒரு சிறு நிதி ஏற்படுத்துங்கள். கட்டடத்துக்குப் பெயர் வைக்கத் திரட்டும் தொகையில் சிறு பங்கு போதும். மாணவர்களும் தயங்காமல் துறைத்தலைவரிடம் எழுதிக் கேளுங்கள். கேட்டதால் கிடைத்த இடங்கள் உண்டு.

கிளம்பும் முன்

சான்றிதழைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள். கையெழுத்திட வேண்டிய அதிகாரி விடுப்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார், அல்லது வேறு துறைக்கு மாற்றலாகியிருப்பார். வரைவை மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். செய்த வேலைகளின் பட்டியலை ஒரு பக்கத்தில் எழுதி அதோடு இணையுங்கள். பின்னாளில் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது அவருக்கு உங்களை நினைவுபடுத்துவது அந்தப் பக்கம்தான். முன்பணம் திரும்பப் பெற பி.ஜி.யில் ஒரு மாத முன்னறிவிப்பை வாட்ஸப்பிலாவது எழுத்தில் கொடுங்கள்.

மே மாதம் கோடை விடுமுறை நெரிசல். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. மே கடைசியில் ஊர் திரும்புகிறவர் மார்ச் கடைசியில், முன்பதிவு திறக்கும் காலை எட்டு மணிக்கே டிக்கெட் எடுத்துவிட வேண்டும்.